கத்திரி வெயிலில் குதிரை ஏறலாமா?

ஏறலாம். ஆனால் எந்த நேரத்தில் ஏறுகிறீர்கள், எவ்வளவு நேரம் ஓட்டப்போகிறீர்கள், எந்தக் குதிரை, இறங்கிய பிறகு அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்? இந்த நாலுக்கும் பதில் கையில் இருந்தால்தான். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அன்றைக்குச் சேணத்தைத் தொடாமல், லாயத்தில் நின்று குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு வாருங்கள். அதுவும் குதிரையோடு செலவழித்த நேரம்தான்.

ஏப்ரல் பிறந்தால் இந்தக் கேள்வி என்னிடம் வராத வாரமில்லை. பெரும்பாலும் கேட்பவர்கள் பெற்றோர்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, ரைடிங் ஸ்கூலில் சம்மர் கேம்ப் போட்டிருக்கிறார்கள், பிள்ளை ஆசைப்படுகிறாள், சேர்க்கலாமா என்பார்கள். பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் அவர்கள் கவலை. நியாயமான கவலை. ஆனால் அந்தப் பிள்ளையைச் சுமக்கப்போகிற குதிரைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அதிகம் பேர் கேட்பதில்லை. சென்னையில் குதிரையேற்றம் கற்றுத்தரும் இடங்களுக்கு மே மாதம்தான் சீசன். ஆண்டு முழுக்கப் பார்த்தால் குதிரைக்கு மிகக் கடுமையான மாதமும் அதுதான். குதிரை குறைவாக உழைக்க வேண்டிய மாதத்தில் அதற்கு அதிக வேலை கொடுக்கிறோம். என்னை இத்தனை நீளமாக எழுத வைப்பது இந்த முரண்தான்.

முதலில் குதிரையின் உடம்பைப் பற்றி. தசைக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய கால்பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி முக்கால்பங்கும் சூடாகவே போகிறது. நமக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். ஆனால் நம் உடம்பு சின்னது; எடைக்குத் தகுந்தபடி தோல் தாராளமாக இருக்கிறது. 450, 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு அந்த வசதி கிடையாது. ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு தோல் என்று பார்த்தால் நம்முடையதில் பாதிகூட அதற்கு இல்லை. டம்ளரில் ஊற்றிய வெந்நீர் சட்டென்று ஆறிவிடும், அண்டாவோடு இறக்கி வைத்தது வெகுநேரம் சுடும், இல்லையா? அப்படித்தான். உள்ளே சூடு சேர்ந்துவிட்டால் வெளியே வர நேரமாகும். அதோடு, உழைப்பது அது, உட்கார்ந்திருப்பது நாம். நமக்கு முகத்தில் காற்றடித்துக்கொண்டிருக்கும்போதே சேணத்துக்கு அடியில் அது கொதித்துக்கொண்டிருக்கும்.

இந்தச் சூட்டை வெளியேற்றக் குதிரையிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. நாய் இரைக்கும், எருமை குட்டையில் போய்ப் படுக்கும். குதிரை நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்க்கிற பிராணி. வெயிலில் கடுமையாக ஓடினால் ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்த்துவிடும். கழுத்திலும் பின்னந்தொடைகளுக்கு நடுவிலும் கடிவாள வார் உரசும் இடத்திலும் வெள்ளையாக நுரை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குளிப்பாட்டின சோப்பு சரியாகப் போகவில்லை என்று ஒரு அம்மா, குதிரையைப் பராமரிக்கும் சைஸிடம் சண்டைக்கே போனார். அது சோப்பு இல்லை. குதிரையின் வியர்வையில் லாதெரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள அடர்ந்த ரோமத்தில் வியர்வை முத்து முத்தாக உருண்டு விழாமல், பரவி, ஆவியாகப் போவதற்கு அது உதவுகிறது. அந்தப் புரதம்தான் உரசுமிடத்தில் நுரைக்கிறது.

வியர்த்தால் மட்டும் சூடு தணியாது, வியர்வை ஆவியாக வேண்டும். நம் கடற்கரையில் சிக்கல் இங்கேதான். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வயிற்றின் அடியிலிருந்து சொட்டுகிறது. அப்படிச் சொட்டியதெல்லாம் வீண். தண்ணீரும் போச்சு, உப்பும் போச்சு, சூடு மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் வியர்வையில் இரத்தத்தில் இருப்பதைவிட உப்பு குறைவு. அதனால் வியர்க்க வியர்க்க நம் இரத்தத்தில் உப்பு கெட்டிப்பட்டுத் தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வை அதன் இரத்தத்துக்குச் சமமான, சில சமயம் அதைவிடவும் அதிகமான உப்புள்ளது. லிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் உப்புகள் போய்விடும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் இரத்தத்தின் உப்புச் செறிவு பெரிதாக மாறுவதில்லை. மூளைக்குத் தாகச் செய்தி போவதில்லை. உடம்பு வற்றிக் கிடக்கிற குதிரை வாளியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வது இதனால்தான். தண்ணி காட்டினேன், அதுவே வேண்டாங்குது என்று சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக் குதிரைக்குத் தண்ணீர் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி நேரம். இதில்தான் பலருக்கும் குழப்பம், அதற்குக் காரணம் ஒரு பிரபலமான கணக்கு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, அதோடு காற்றின் ஈரப்பதச் சதவீதத்தைக் கூட்ட வேண்டும். 130-க்குக் கீழே வந்தால் கவலையில்லை, 150-ஐத் தாண்டினால் கவனம், 180-ஐத் தாண்டினால் ஏறவே கூடாது. அமெரிக்காவில் குதிரை வளர்ப்பவர்களிடம் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு இது. இங்கேயும் பல லாயங்களில் சொல்கிறார்கள்.

இதைச் சென்னைக்குப் போட்டுப் பாருங்கள். மே மாத விடியற்காலை 28 டிகிரி செல்சியஸ், அதாவது 82 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 85 சதவீதம். கூட்டினால் 167. அன்றைக்கே மத்தியானம் 38 டிகிரி, ஃபாரன்ஹீட்டில் 100. ஈரப்பதம் 45. கூட்டினால் 145. கணக்கை அப்படியே நம்பினால் விடியற்காலையைவிட உச்சிவெயில் நல்லது என்றாகிறது! மத்தியானம் வெறும் மைதானத்தில் ஐந்து நிமிடம் நின்றவருக்கு இது எவ்வளவு தப்பு என்று தெரியும். இந்தக் கணக்கில் வெயிலே இல்லை. நிழலில் வைத்த வெப்பமானிதான் இருக்கிறது. கறுப்பு, செம்பழுப்பு ரோமத்தின் மேல் நேராக விழும் சூரியனும் மணலிலிருந்து எழும்பும் அனலும் அதற்குத் தெரியாது.

போட்டிக் குதிரைகளுக்காகச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு வேறொரு அளவை வைத்திருக்கிறது. மூன்று வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், இன்னொன்று கறுப்பு வண்ணம் பூசிய கோளத்துக்குள் வெயிலில் நிற்கும், மூன்றாவது சாதாரணமானது. ஈரக்குமிழுக்குப் பத்தில் ஏழு பங்கு, கருங்கோளத்துக்கு இரண்டு, சாதாரணத்துக்கு ஒன்று என்று சேர்த்தால் ஓர் எண் வரும். அது 28-க்குக் கீழே என்றால் வழக்கம்போல நடத்தலாம். 28-க்கு மேல் போகப்போக முன்னெச்சரிக்கை கூடும். 33-ஐத் தாண்டினால் போட்டி நடத்துவது குதிரைக்குப் பாதுகாப்பில்லை.

மேலே சொன்ன அதே நாளை இதில் போட்டுப் பார்த்தேன். விடியற்காலைக்கு 26, 27 வருகிறது. கருங்கோளம் 50 டிகிரியைத் தொடும் மத்தியானத்துக்கு 33-க்கு மேல். காலை ஒன்பது மணிக்கு? வெப்பம் 33, ஈரப்பதம் இன்னும் 70-ஐ ஒட்டி, வெயிலும் ஏறிவிட்டது: 31-ஐ எட்டிவிடுகிறது. இன்னும் காலைதானே என்று நினைத்து ஏறுகிற அந்த ஒன்பது மணிதான் எனக்குப் பயம். சம்மர் கேம்ப்பின் கடைசி பேட்ச் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. சாயங்காலம் ஆறு மணி சுமார். கடற்காற்று இருக்கும், வெயில் இருக்காது, ஆனால் பகலெல்லாம் சூடேறிய மணலும் சுவரும் இன்னும் அனலடிக்கும். நாள் முழுக்கத் தகரக் கூரைக்கு அடியில் நின்ற குதிரை ஏற்கெனவே களைத்திருக்கும்.

அதனால் என் வழக்கம் இது: மே மாதத்தில் சென்னையில் சூரிய உதயம் ஏறக்குறைய 5.45. அதற்கு முன்பே சேணம் கட்டியாக வேண்டும். ஆறே முக்காலுக்குள் இறங்கிவிட வேண்டும். ஏழு மணிக்குக் குதிரை நனைந்து, நிழலில், மின்விசிறிக்கு எதிரே நிற்க வேண்டும். இதற்கு நாலரை மணிக்கு எழுந்திருக்க முடியாதவர்கள் ஜூன் கடைசி வரை பொறுத்திருக்கலாம்.

ஓட்டும் விதமும் மாறும். மற்ற மாதங்களில் ஒரு மணி நேரம் என்றால் இப்போது அரைமணி, அதிகம் போனால் நாற்பது நிமிடம். முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடை. பிறகு மூன்று நாலு நிமிடம் ட்ராட் என்கிற மெல்லோட்டம், உடனே அதே அளவு நடை. அதைவிட வேகமான கேன்டர் வேண்டுமென்றால் மைதானத்தை இரண்டு சுற்று, அதுவும் நன்றாகப் பழகின குதிரையென்றால். முழுவேகக் கேலப் கிடையாது. தாண்டல் பயிற்சி கிடையாது. ஆசிரியர் விளக்கம் சொல்லும்போது நடு மைதானத்தில் குதிரையை நிறுத்தி வைக்காமல் மெதுவாக நடத்திக்கொண்டே கேளுங்கள். நகர்ந்தால்தான் உடம்பில் காற்றுப் படும். காய்ந்த ஆழமான மணலில் ஒவ்வோர் அடிக்கும் குதிரை கூடுதலாகச் சிரமப்படும். முந்தின நாள் சாயங்காலமே மைதானத்துக்குத் தண்ணீர் அடித்து வைத்தால் காலும் தப்பும், புழுதியும் அடங்கும்.

எங்கள் லாயத்தில் ஒரு மூத்த சைஸ் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்பாவும் சைஸ்தான். ஓட்டி முடித்து நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் ஆச்சு என்று கணக்குப் போடும்போதெல்லாம், "விலாவைப் பாரும்மா, வாச்சைப் பார்க்காதே" என்பார். ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். விலா எழும்பி இறங்குவதை எண்ணிவிடலாம். வேலை முடிந்து பத்து நிமிடம் நடத்திய பிறகும் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு நாம் வாங்கிய வேலை அதிகம். இதயத்துடிப்பைத் தாடைக்கு அடியில் ஓடும் இரத்தக் குழாயில் விரல் வைத்துப் பார்க்கலாம். ஓய்வில் 28 முதல் 44 வரை. நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டிகளில் குறித்த நேரத்துக்குள் 64-க்கு இறங்காத குதிரையை மேற்கொண்டு ஓடவிடமாட்டார்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஆசனவாய் வெப்பமானிதான் வழி. டிஜிட்டல் வெப்பமானியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் துணி கிளிப் போட்டு வாலில் மாட்டிவிட்டால் கீழே விழாது, உள்ளேயும் போகாது. ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி. வேலைக்குப் பிறகு 40-ஐத் தாண்டினால் உடனே தண்ணீர் ஊற்றியாக வேண்டும். 41-ஐ நெருங்கினால் ஆபத்து. இறங்கியவுடன் ஒருமுறை பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். தசையில் தேங்கிய சூடு இரத்தத்தில் கலந்து வருவதால், நின்ற பிறகும் சில நிமிடம் எண் ஏறிக்கொண்டே போகும்.

தண்ணீர் ஊற்றுவது பற்றி நம் ஊரில் மட்டுமல்ல, உலகமெங்கும் ஒரு பயம் இருந்தது. சூட்டு உடம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை இறுகிவிடும், ஜன்னி கண்டுவிடும், வயிற்றுவலி வந்துவிடும் என்பார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் இதை மாற்றியது. ஜார்ஜியாவின் ஜூலை வெயிலிலும் புழுக்கத்திலும் மூன்று நாள் குதிரையேற்றப் போட்டியை எப்படி நடத்துவது என்று பயந்து, முன்கூட்டியே ஆராய்ச்சிகள் செய்தார்கள். ஐஸ் போட்ட தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றினாலும் குதிரைக்குக் கெடுதல் இல்லை, சூடு வேகமாக இறங்குகிறது என்று தெரிந்தது. போட்டி நடந்த இடத்தில் நீர்த்தூவல் மின்விசிறிகளை நிறுத்தினார்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தைக் காலையிலேயே வைத்தார்கள், தூரத்தைக் குறைத்தார்கள், குதிரைகளின் உடல் சூட்டை வெப்பக் கேமராவில் கண்காணித்தார்கள். பெங்களூருக்காரரான ஃபவாத் மிர்சா செய்னர் மெடிகாட் என்ற குதிரையில் இந்தியாவுக்காக இறங்கி 23-ஆம் இடம் பிடித்தது அந்தப் போட்டியில்தான். உலகின் தலைசிறந்த குதிரைகளுக்கே இவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டது என்பதை, நம் பயிற்சிக் குதிரைகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே, சேணத்தை உடனே கழற்றுங்கள். காலில் கட்டிய உறை, பட்டி எல்லாவற்றையும் எடுங்கள். கழுத்து, மார்பு, முதுகு, தொடையின் உட்புறம், வயிறு என்று எல்லா இடத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். நிறுத்தாமல் ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர் உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே ஓட, அடுத்த வாளி குளிர்ச்சியாக வர வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே சூடேறிக் காற்றை மறைத்துவிடும். மாடித் தொட்டித் தண்ணீர் காலையிலும் வெதுவெதுப்பாகத்தான் வரும், அதனால் நிழலில் இரண்டு பீப்பாய் நிரப்பி வைப்பது நல்லது. பனிபோல நீர் தூவும் கருவியை வாங்கி லாயத்தில் மாட்டினால் கூடவே பெரிய மின்விசிறியும் வேண்டும். காற்றோட்டமில்லாமல் தூவினால் கொட்டகையில் புழுக்கம்தான் ஏறும்.

குடிக்கிற தண்ணீர் விஷயத்திலும் இதே பழைய பயம் உண்டு. ஓடிவந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, ஆறட்டும் என்பார்கள். காட்டலாம், காட்ட வேண்டும். நான் இரண்டு வாளி வைப்பேன். ஒன்றில் உப்புக் கரைத்தது, லிட்டருக்கு 9 கிராம் அளவு. இன்னொன்றில் வெறும் தண்ணீர். உப்புத் தண்ணீரை முதலில் குடிக்கிற குதிரைக்குத் தாகம் அணையாமல் இருக்கும், தொடர்ந்து வெறும் தண்ணீரையும் குடிக்கும். உப்பு வாளியைத் தொடாத குதிரைகளும் உண்டு, கட்டாயப்படுத்த வேண்டாம். சும்மா நிற்கும் 500 கிலோ குதிரைக்கே நாளொன்றுக்கு 25, 30 கிராம் உப்பு தேவை. வியர்க்கும் நாட்களில் அதைவிட அதிகம் தீனியில் சேர வேண்டும். உப்புக் கட்டியைச் சுவரில் மாட்டினால் மட்டும் போதாது. கோடையில் ஒரு நாளைக்கு 50, 60 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். ராத்திரி வாளி காலியாக இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள் என்பதுதான் ஒரு லாயத்தைப் பற்றி நான் முதலில் விசாரிக்கிற விஷயம்.

கத்திரி தொடங்கும்போது அண்ணா கொள்ளைக் குறைத்துவிடுவார். கொள்ளு உஷ்ணம் என்பது நம் வீட்டுச் சமையலறையிலும் சொல்வதுதான். கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது அவரும் ஒப்புக்கொண்டார், காரணம் மட்டும் வேறு. கொள்ளில் புரதம் அதிகம். தேவைக்கு மேல் போன புரதத்தை உடைக்கும்போது உடம்புக்குள் சூடு கூடுதலாக உண்டாகிறது. அதன் கழிவைச் சிறுநீராக வெளியேற்றத் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். குதிரை மசாலுக்கும் இதே கதை. அதற்காகப் புல்லைக் குறைக்கக் கூடாது, அது இல்லாவிட்டால் வயிறு கெட்டுவிடும். புல்லும் செரிக்கும்போது சூடு தரும் என்பதால் பெரும்பங்கை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். அருகம்புல்லை நனைத்துப் போட்டால் அதன் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும்.

எந்தக் குதிரை என்பதும் முக்கியம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் மார்வாரியும் கத்தியவாரியும் வரிசையாக நிற்கும். ராஜஸ்தான் குதிரைங்க, எந்த வெயிலும் தாங்கும் என்று விற்பவர் சொல்வார். மெல்லிய தோலும் வற்றிய உடம்புமாக அவை பாலைவனத்துக்குப் பழகியவைதான். ஆனால் அங்கே அடிப்பது காய்ந்த வெயில், வியர்வை உடனே ஆவியாகும். கடற்கரைப் புழுக்கத்தில் அந்தச் சாமர்த்தியம் பாதியாகிவிடும். எந்த இனமானாலும் புதிய இடத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். கொழுத்த குதிரை, வயதான குதிரை, நுரையீரல் கோளாறுள்ள குதிரை ஆகியவற்றைக் கோடை முழுக்கச் சும்மா விடுவதே நல்லது.

வியர்க்காத குதிரை என்று ஒன்று உண்டு. கேட்க நல்ல குதிரைபோலத் தோன்றும். பக்கத்துக் குதிரை நனைந்து நிற்கும்போது இது மட்டும் காய்ந்த ரோமத்தோடு, மூக்கு விடைக்க, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். வியர்வைச் சுரப்பிகள் வேலைநிறுத்தம் செய்துவிட்ட நிலை அது. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் ஊர்க் குதிரைகளை வெப்ப நாடுகளுக்குக் கொண்டுவந்தபோதே இதைக் கவனித்து எழுதிவைத்தார்கள். ரேஸிலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரைகள்தான் நம் பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் என்பதால் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். அந்தக் குதிரைமேல் கோடையில் ஏறவே கூடாது. முடிந்தால் பெங்களூர், ஊட்டி என்று குளிர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும்.

ஊட்டி என்றதும் சொல்லத் தோன்றுகிறது. கிண்டியில் குளிர்காலத்தில் ரேஸ் நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப், கோடை வந்தால் குதிரைகளை மலையேற்றி ஊட்டியில் ஓடவிட்டது. 1886-லிருந்து அங்கே பந்தயம் நடந்திருக்கிறது. 2024-ல் மாநில அரசு அந்த மைதான நிலத்தை எடுத்துக்கொண்டது. பந்தயத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு. ஆனாலும், ஏப்ரலில் சென்னை குதிரை ஓட ஏற்ற இடமில்லை என்று நூறு வருஷத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை மறுக்க முடியாது. அதற்கும் ஆறு நூற்றாண்டு முந்தி, பாண்டியர்களுக்காக அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாகக் காயல் துறைமுகத்தில் வந்து இறங்கிய காலத்தில் மார்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தார். ஒவ்வோர் அரசரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். எண்ணிக்கையில் பயணியின் மிகை இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணம் என் மனதில் தைத்தது: பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள். அண்ணாவைப் போன்றவர்கள் கையில் இருக்கிற அறிவின் மதிப்பு எனக்குப் புரிந்தது அதைப் படித்தபோதுதான்.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் நிற்கும் குதிரைகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு அதுதான் பிழைப்பு. அவர்களைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெயில் இறங்கும் முன் பிள்ளையை ஏற்றாதீர்கள். பெரியவர்கள் ஏறாதீர்கள். "கொஞ்சம் ஓட்டுங்கண்ணே" என்று கேட்காதீர்கள், அந்த மணலில் ஓடுவது அதற்கு அவ்வளவு பாடு. நடைக்கே முழுப் பணத்தையும் கொடுங்கள், முடிந்தால் பத்து ரூபாய் கூடக் கொடுத்து, தண்ணி காட்டினீங்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் வாளி தானாக வரும். ஊட்டி, கொடைக்கானல் ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் சவாரி ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம். வெயிலைப் பொறுத்தவரை அந்தக் குதிரைகள் கொடுத்துவைத்தவை.

சம்மர் கேம்ப்புக்கு வருகிறேன். பிள்ளையைச் சேர்க்கும் முன் நேரில் போய், கடைசி பேட்ச் எத்தனை மணிக்கு முடிகிறது, ஒரு குதிரை ஒரு காலையில் எத்தனை பிள்ளைகளைச் சுமக்கிறது என்று கேளுங்கள். ஏழரைக்கு மேல் சவாரி உண்டு என்றாலோ, ஒரே குதிரை மூன்றாவது பிள்ளைக்கும் போகிறது என்றாலோ வேறு இடம் பாருங்கள். நல்ல பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை சவாரியை முடித்துவிட்டு மீதி நேரத்துக்குக் குளிப்பாட்டுவது, குளம்பு சுத்தம் செய்வது, சேணத்துக்கு எண்ணெய் போடுவது, நாடி பார்ப்பது என்று கற்றுத்தருகிறார்கள். சவாரி நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று அவர்களிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சவாரியைக் குறைக்கிற பள்ளிதான் உங்கள் பிள்ளைக்கும் நல்லது. தள்ளாடுகிற குதிரையிலிருந்து விழுகிற பிள்ளைக்குத்தான் அடி பலமாகப் படும்.

தள்ளாட்டம், கூப்பிட்டால் திரும்பாத மந்தம், நடத்தினாலும் குறையாத மூச்சு, இருண்ட சிவப்பான ஈறு, திடீரென்று நின்றுபோன வியர்வை ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் மருத்துவருக்கு ஒருவர் போன் பண்ணட்டும், மற்றவர்கள் அங்கேயே தண்ணீர் ஊற்றத் தொடங்குங்கள். லாயம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போகலாம் என்று நினைக்காதீர்கள். நிழல் பக்கத்தில் இருந்தால் நிழலில், இல்லையென்றால் நிற்கிற இடத்திலேயே. ஐஸ் கிடைத்தால் வாளியில் போடுங்கள். வெப்பநிலை 39-க்கு வரும்வரை கை ஓயக் கூடாது.

அக்னி நட்சத்திரம் மே 28-ஐ ஒட்டி முடிந்துவிடும், மறுநாளே பழையபடி ஓட்டலாம் என்று ஆசைப்பட வேண்டாம். சென்னையில் இதுவரை பதிவான உச்ச வெயில் 45 டிகிரி, அது அடித்தது 2003 மே 31 அன்று. ஜூனிலும் கடற்காற்று தாமதமாக வரும் நாட்களில் நாற்பதைத் தொடும். மாலை மழை இரண்டு மூன்று பெய்து ராத்திரி கொஞ்சம் ஆற ஆரம்பித்ததும் முதல் வாரம் ட்ராட்டை மட்டும் ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். இரண்டாவது வாரம் கேன்டர். விலா சீக்கிரம் அடங்குகிறது என்று தெரிந்த பிறகு தாண்டல். செப்டம்பரில் வெயில் குறைந்து புழுக்கம் மட்டும் நிற்கும் நாட்கள் வரும், அப்போதும் வெப்பமானியும் இரண்டு வாளியும் மைதானத்தின் ஓரத்திலேயே இருக்கட்டும்.